தலைச்செதிலுக்கு எண்ணெயா, அரப்பா, ஷாம்பூவா, மெடிக்கல் ட்யூபா?

தலையிலிருந்து மாவு மாதிரி உதிர ஆரம்பித்தால் தருமபுரி மாவட்டத்தில் எங்கள் பாலக்கோடு பக்கம் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். பாட்டி விளக்கெண்ணெய் என்பார், சித்தி அரப்பு, அதாவது உசில் இலைப் பொடி, போடச் சொல்வார், மெடிக்கல்காரர் அலமாரியிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து நீட்டுவார், பக்கத்து வீட்டு அண்ணன் ஒகேனக்கல்லுக்குப் போய் மசாஜ் பண்ணிக்கொண்டு அருவியில் நில் என்பார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரிந்த யாரோ ஒருவருக்கு அது கேட்டிருக்கும். ஆனால் தலையில் உதிர்வதெல்லாம் ஒரே நோய் கிடையாது, அதனால் ஒருவருக்குக் கேட்டது இன்னொருவருக்கு இருப்பதையும் கெடுத்துவிடும். எங்கள் வீட்டிலேயே எனக்குச் சொரியாசிஸ், ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பிக்குப் பிசுபிசுப்பான பொடுகு. ஒரே கேனிலிருந்து எடுக்கும் செக்குத் தேங்காய் எண்ணெய் எனக்கு இதமாக இருக்கிறது, அவனுக்கு மறுநாளே அரிப்பைக் கூட்டுகிறது.

அதனால் எந்த வைத்தியம் என்று முடிவு செய்யும் முன் நல்ல வெளிச்சத்தில் யாரையாவது தலையைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். செதில் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, விரலில் ஒட்டுகிற மாதிரி இருந்து, புருவத்திலும் மூக்கோரத்திலும் காது மடலுக்குப் பின்னாலும் கொஞ்சம் இருந்தால் அது பெரும்பாலும் பொடுகு முற்றிய வகை, டாக்டர்கள் செபொரிக் டெர்மடைடிஸ் என்று எழுதுவார்கள். எல்லார் தோலிலும் சாதாரணமாகவே இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட்தான், அதாவது ஒரு வகைப் பூஞ்சைதான், இதற்குப் பின்னால் இருக்கிறது, தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. செதில் தடிப்பாக, காய்ந்து, வெள்ளி நிறத்தில், இங்கே ஆரம்பித்து இங்கே முடிகிறது என்று விளிம்பு தெரிகிற திட்டாக, முடி முடியும் கோட்டைத் தாண்டி நெற்றியிலும் பிடரியிலும் எட்டிப் பார்த்தால் சொரியாசிஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது முழங்கை, கால்முட்டி, இடுப்பின் பின்பக்கம், நகம் எல்லாவற்றையும் பாருங்கள், நகத்தில் ஊசியால் குத்தியது மாதிரி சின்னக் குழிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். படத்தில் காட்டுகிற மாதிரி ரோஸ் நிறச் சிவப்பை நம் நிறத்துத் தோலில் தேடாதீர்கள், நமக்கு அது கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோதான் தெரியும். தோலின் மேல்செல்கள் உருவாகி உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆக வேண்டியது, சொரியாசிஸில் 3 முதல் 5 நாளில் நடந்துவிடுகிறது, அதனால்தான் அடுக்கடுக்காகச் சேர்கிறது. இரண்டும் கலந்தே சிலருக்கு இருக்கும், அந்தத் தலையைப் பார்த்து வீட்டில் முடிவு செய்ய முடியாது.

இப்போது எண்ணெய். நம்மூரில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்பது வைத்தியம் என்பதைவிட வழக்கம், அதை விடச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். சொரியாசிஸ் தலைக்கு எண்ணெய் நோயைக் குறைப்பதில்லை, ஆனால் செதிலை ஊற வைத்துக் கிளப்பிக் கொடுக்கிறது, அதற்கு மேல் போடுகிற மருந்து தோலைத் தொட முடிகிறது. அந்த வேலைக்குத் தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் கிட்டத்தட்ட ஒன்றுதான், விளக்கெண்ணெய் கெட்டியாக இருப்பதால் வழியாமல் நிற்கும், ஆனால் கழுவி எடுப்பதற்குள் கை வலித்துவிடும். இரவில் லேசாகச் சூடு காட்டித் தடவி, பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்து, காலையில் அகலப் பல் சீப்பால் மெதுவாக வருடி, தானாக வருவதை மட்டும் எடுத்துவிட்டுத் தலை குளித்தால் போதும். பேன் சீப்பை எடுத்துச் சுரண்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், சுரண்டுகிறபோது ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அடியில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும், சொரியாசிஸ் தோலில் காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு முளைக்கும் குணமும் உண்டு.

பிசுபிசுப்பான பொடுகுக்கு இதே எண்ணெய் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. மலசீசியா தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாத ஒன்று, வெளியிலிருந்து எடுத்தே ஆகவேண்டும், நாம் தலைக்கு வைக்கும் தாவர எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி அதற்கு ஒத்துப்போகிறவை. பொடுகு வந்துவிட்டது, தலை வறண்டுவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்து அப்படியே வேலைக்குப் போகிறார்கள், ஹெல்மெட்டுக்குள் வேர்வையும் சேர்ந்துகொள்கிறது, சாயங்காலம் நமைச்சல் தாங்காது. எண்ணெய் வைத்தே தீருவேன் என்கிறவர்கள் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்துவிட்டு முழுசாகக் கழுவிவிடுங்கள். செதிலை ஊற வைக்க மட்டும்தான் வேண்டும் என்றால் மெடிக்கலில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இருக்கிறது, அது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய், ஈஸ்ட்டுக்கு அதில் சாப்பாடு எதுவும் இல்லை.

வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் இரண்டும் எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைப்பதால் இவற்றைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். நாற்றத்தைச் சகித்துக்கொண்டால் சாதாரண எண்ணெய் செய்கிற வேலையைச் செய்யும், அப்படியே வைத்தால் சிலருக்கு எரியும், இன்னொரு எண்ணெயில் கலந்து முன்கையில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகள் வாய்க்குப் போகாத இடத்தில் வையுங்கள், வேப்பெண்ணெய் உள்ளே போனால் குழந்தைக்கு ஆபத்து.

கொஞ்சம் நின்று பேச வேண்டியது வெட்பாலைத் தைலம். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்று சொல்வதைச் சொரியாசிஸோடு பொருத்திப் பார்க்கிறார்கள், அதற்கு மேலே பூசக் கொடுக்கிற முக்கியமான எண்ணெய் இது. அரூர், பென்னாகரம் பக்கத்துக் குன்றுகளில் இருப்பது போன்ற வறண்ட காட்டில் வளரும் மரம்தான், கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் மரப்பொம்மை கடைகிறார்களே, அந்த வெள்ளை மரமும் பரம்பரையாக இதுதான். இலையை இரும்பு படாமல் கையால் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் அப்படியே கருநீலமாக, ஊதாவாக மாறும். இந்த நிறம் சும்மா இல்லை, அந்த இலையில் நீலச் சாயச் சரக்கு இருக்கிறது, அவுரி மாதிரி இதிலிருந்தும் ஒரு காலத்தில் சாயம் எடுத்திருக்கிறார்கள். சீன மருத்துவத்தில் நீலச்சாயப் பொடியைச் சொரியாசிஸுக்குப் போடுவது உண்டு, அதை வைத்து மனிதர்களிடம் ஆய்வு நடத்தித் திட்டு குறைந்ததாகவும் வந்திருக்கிறது, அதனால் வெட்பாலையில் விஷயம் இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஆய்வெல்லாம் அளவு தெரிந்து தயாரித்த களிம்பில் நடந்தது, மொட்டை மாடியில் வைத்த பாட்டிலில் எவ்வளவு சரக்கு இறங்கியது என்று யார் சொல்வது? என் அனுபவத்தில் முழங்கைத் திட்டு மெத்தென்று ஆகிறது, அரிப்பு அடங்குகிறது, திட்டு மொத்தமாகப் போய்விடவில்லை, தலையணை உறை எல்லாம் ஊதா.

வீட்டில் செய்கிறவர்கள் மரத்தைச் சரியாகப் பார்த்துப் பறியுங்கள், பாலை என்ற பெயரில் குடசப்பாலை, ஏழிலைப்பாலை என்று வேறு மரங்களும் இருக்கின்றன. வெட்பாலைக் காய்கள் நீளமாக, ஜோடியாகத் தொங்கும், கீழ் நுனியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இதைப் பார்த்தால் குழப்பம் வராது. காடு ஏற முடியாதவர்கள் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் கேட்கலாம், அல்லது லேபிளும் தயாரித்த தேதியும் உள்ள பாட்டிலாக வாங்கலாம். பிசுபிசுப்புப் பொடுகுக்கு இது வேண்டாம், அடியில் இருப்பது தேங்காய் எண்ணெய்தானே.

அரப்பு, சீயக்காய் விஷயத்தில் எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் தகராறு தீரவில்லை. உசில் இலைப் பொடியை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகும், உடம்பும் குளிர்ச்சியாக இருக்கும், அதில் இருக்கும் சாபோனின் சோப்பு மாதிரிதான் வேலை செய்கிறது. தம்பி மாதிரி ஆட்களுக்குச் சாதாரண நாளில் தாராளமாகப் போடலாம், ஈஸ்ட்டைக் குறைக்குமா என்றால் அதை நம்பி உட்கார முடியாது. சொரியாசிஸ் தலைக்கு நான் சொல்ல மாட்டேன், வெடித்த தோலில் எரியும், பொடி செதிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு காய்ந்ததும் அதுவே பொடுகு மாதிரி உதிரும், இரண்டில் எது எது என்று தெரியாது. அதோடு போர் தண்ணீர் வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிறைய ஊரில் போர் தண்ணீர் கடினம், சோப்பு போட்டால் நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்து தலையில் படியும், ஷாம்பூ அவ்வளவு திரியாது. குளித்து முடித்ததும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஒரு சொம்பு கடைசியாக ஊற்றினால் வித்தியாசம் தெரியும். நம் பக்கத்து ஃபுளோரைடு தண்ணீரால்தான் தோல் இப்படி ஆகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, சொரியாசிஸை அதன் தலையில் கட்ட முடியாது.

ஷாம்பூவுக்கு வருவோம், ஏனென்றால் பொடுகு வகைக்கு நேரடியாகக் கேட்பது இதுதான். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ ஈஸ்ட்டைக் குறிவைத்து அடிக்கிறது, வாரம் இரண்டு முறை, 2 முதல் 4 வாரம், அதற்கப்புறம் திரும்ப வராமல் இருக்க ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்பைடு உள்ளவையும் இந்த வேலைக்குத்தான். இவற்றில் பலன் இல்லை என்று சொல்கிறவர்களிடம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் நுரை வந்ததும் கழுவியிருப்பார்கள். 3 முதல் 5 நிமிடம் தலையின் தோலில் நிற்க வேண்டும், முடியில் இல்லை, அந்த நேரத்தில் உடம்புக்குச் சோப்பு போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் நிறைய இருக்கும் தலையில் நேராகப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, முதலில் சாதாரண ஷாம்பூ ஒரு தடவை, அப்புறம் இது.

சொரியாசிஸ் தலைக்குக் கீட்டோகோனசோல் பெரிதாக எதுவும் செய்யாது, அதற்கு வேறு இரண்டு உண்டு. சாலிசிலிக் ஆசிட் செதிலைக் கரைத்துத் தளர்த்தும், நிலக்கரியிலிருந்து எடுக்கும் கோல் தார் தோல் செல்கள் பெருகும் வேகத்தையும் அரிப்பையும் குறைக்கும், இரண்டும் சேர்ந்த ஷாம்பூவாகவும் வருகிறது. முந்தின இரவு எண்ணெய், காலையில் இது என்று மாற்றி மாற்றிச் செய்தால் தடித்த செதில் இறங்கும், எனக்கு வீட்டு அளவில் இதைவிட நன்றாகக் கேட்ட ஒன்று இல்லை. குறை என்று பார்த்தால் தார் வாடை, வெள்ளைத் துண்டில் கறை, அப்புறம் வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிவிடும். காலையில் தார் போட்டுக் குளித்துவிட்டு ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் பகல் முழுக்க நிற்கிற ஆளுக்கு அது சரிப்படாது, ராத்திரி போடட்டும், வெளியில் தலைக்குத் துண்டு கட்டட்டும். சாலிசிலிக் ஆசிட் உள்ளதைச் சின்னப் பிள்ளைகளுக்கும், உடம்பில் பெரிய பரப்பிலும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

எலுமிச்சம்பழம் தேய்ப்பது, வினிகர், வெங்காயச் சாறு, மிளகைப் பாலில் அரைத்துப் போடுவது எல்லாம் ஒரே கூட்டம்தான், வெடித்த தோலில் எரிச்சல். அதிலும் எலுமிச்சைச் சாற்றோடு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கருத்துப்போகும், நெற்றியில் வழிந்த தடம் மாதக்கணக்கில் நிற்கும். தயிரும் வெந்தயமும் கெடுதல் செய்யாது, கொஞ்சம் மிருதுவாக இருக்கும், வைத்தியம் என்று கணக்கில் எடுக்க வேண்டாம். கற்றாழைக்குச் சிறிய ஆய்வுகளில் ஒன்றில் பலன் தெரிந்தது, இன்னொன்றில் தெரியவில்லை, அரிப்புக்கு இதமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை மட்டும் வடிய விட்டுவிடுங்கள்.

ஒகேனக்கல் மசாஜ் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் ஊர்க் கட்டுரையே இல்லை. உடம்பு முழுக்க எண்ணெய், அப்புறம் நேரம் போவது தெரியாமல் தண்ணீரில் ஊறல், அதற்கு மேல் அருவியின் வேகம், செதில் கழன்று தோல் பளபளவென்று தெரியத்தான் செய்யும், மனசும் லேசாகும், மன உளைச்சல் சொரியாசிஸைக் கிளப்பும் என்பதால் அதையும் சும்மா என்று தள்ள மாட்டேன். ஆனால் செதில் போனதே தவிர அடியில் வேலை நிற்கவில்லை, ஒரு வாரத்துக்குள் பழையபடி வந்துவிடும். போகிறவர்கள் மசாஜ் செய்கிற அண்ணனிடம் திட்டு உள்ள இடத்தை முதலிலேயே காட்டி, அங்கே அடித்துப் பிசைய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இது தொற்று இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் கையை இழுத்துக்கொள்வார். குலசாமிக்கு மொட்டை போட்டால் போய்விடும் என்பதும் இப்படித்தான், மருந்து தடவ வசதி, சத்தியமாக வசதி, ஆனால் கத்தி கீறிய இடத்தில் திட்டு வரும். மெஷின் வைத்து ஒட்ட வெட்டச் சொல்லுங்கள்.

வெயில் நம்மிடம் நிறைய இருக்கிறது, சொரியாசிஸுக்கு அது உதவவும் செய்கிறது, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் புறஊதாக் கதிர் சிகிச்சையும் அந்த வழிதான். கை, கால் திட்டுகளில் சில நிமிடம் பட விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், கன்றிப்போகும் அளவுக்கு நின்றால் காரியம் கெட்டது. தலையில் முடி மறைப்பதால் பெரிய பலன் இருக்காது. சாப்பாட்டில் கத்தரிக்காய், கருவாடு விலக்குவது பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், உங்களுக்கு ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் விடுங்கள். குடி, சிகரெட், கூடுதல் உடல் எடை, இந்த மூன்றும்தான் நிஜமாகவே கணக்கில் வருபவை.

கடைசியாக அந்த ட்யூப். வேகத்தில் இதை அடிக்க எதுவும் இல்லை, சில நாளில் அரிப்பு நின்று தோல் வழவழப்பாகிவிடும், அதனால்தான் ஆபத்து. சீட்டு இல்லாமல் கையில் கொடுப்பவற்றில் பெரும்பாலும் குளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் கலந்த கூட்டு. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து கோடு விழும், முகத்தில் போட்டால் பரு கிளம்பும், திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும், உண்மையில் அது படர்தாமரையாக இருந்தால் அடையாளமே தெரியாமல் பரவும். இதைச் சொல்வதால் ஸ்டீராய்டே விஷம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தலைச் சொரியாசிஸுக்குத் தோல் டாக்டர் முதலில் எழுதுவதே ஸ்டீராய்டு லோஷன்தான், சில சமயம் கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்தோடு சேர்த்து. எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்கிறார், கவுன்டரில் யாரும் சொல்வதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். லேபிள் இல்லாத டப்பாவில் வரும் களிம்பும் பொடியும் அதிசயமாக வேலை செய்தால் அதற்குள்ளும் ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

ஆக, பிசுபிசுப்பு வகை என்றால் நான் எண்ணெயை நிறுத்திவிட்டுக் கீட்டோகோனசோலை ஒழுங்காக நான்கு வாரம் போடச் சொல்வேன், காய்ந்த வெள்ளித் திட்டு என்றால் ராத்திரி எண்ணெய், காலையில் சாலிசிலிக் அல்லது தார், உடம்புத் திட்டுக்கு வெட்பாலை வேண்டுமானால் கூடவே. ஒரு மாதத்தில் மாற்றம் இல்லை என்றால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தோல் பிரிவுக்குப் போங்கள். காலையில் எழுந்ததும் விரல் மூட்டு விறைப்பது, ஒரு விரல் முழுசாக வீங்குவது, குதிகால் வலி, இதெல்லாம் இருந்தால் அந்த ஒரு மாதமும் காத்திருக்க வேண்டாம், சொரியாசிஸ் மூட்டுக்கும் போகும், கெட்டுப்போன மூட்டு திரும்பாது. உடம்பெல்லாம் சிவந்து சீழ்க் கொப்புளமும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே. குழந்தை தலையில் செதிலோடு முடி வட்டமாகக் கொட்டினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு உள்ளே மாத்திரை வேண்டும், மேலே எதைத் தடவினாலும் போகாது. போகிற அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், செதில் தெரிந்தால்தான் டாக்டரால் பார்க்க முடியும், இதுவரை போட்ட ட்யூப், தைலம், பிரஷர் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், ப்ரோப்ரனலால் மாதிரி சில பிரஷர் மாத்திரைகளே சொரியாசிஸைக் கிளப்பிவிடும்.